கோடு மங்கலாகத் தெரிந்தால்

நேயர்களுக்கு வணக்கம். வீட்டிலேயே கர்ப்பப் பரிசோதனை செய்துவிட்டு வரும் பெண்கள் பலர், செல்போனில் கிட்டின் படத்தைக் காட்டிக் கேட்பார்கள்: "கோடு மங்கலா இருக்கே டாக்டர், குழந்தை நல்லா இருக்கா?"

அந்தக் கேள்விக்குக் கோட்டிடம் பதில் கிடையாது. சிறுநீரில் ஹெச்.சி.ஜி. என்ற ஹார்மோன் இருக்கிறதா என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். கருமுட்டை வெளியாகி 6 முதல் 12 நாட்களுக்குள் கரு கருப்பையில் ஒட்டும். அதன் பிறகுதான் இந்த ஹார்மோன் தென்படத் தொடங்கி, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஏறக்குறைய இரட்டிப்பாகும். நாள் தள்ளிப்போகும் முன்பே அவசரப்பட்டுப் பார்த்தால் 'இல்லை' என்று வருவது இதனால்தான். மனம் தளர வேண்டாம். மாதவிடாய் வராமலே இருந்தால் சில நாள் கழித்து, காலையின் முதல் சிறுநீரில் மறுபடி பாருங்கள்.

சரி, கோடு வந்துவிட்டது. கிட்டின் உறையில் போட்டிருக்கும் நேரத்துக்குள் தெரிந்தால், மங்கலானாலும் அது கோடுதான். நேரம் கடந்து, காய்ந்த பிறகு தெரியும் சாம்பல் கீற்றைக் கணக்கில் எடுக்காதீர்கள். கருத்தரிப்புச் சிகிச்சையில் ஹெச்.சி.ஜி. ஊசி போட்டவர்களுக்கு அந்த மருந்தே கோடு காட்டிவிடும். அவர்கள் மருத்துவர் சொன்ன தேதிவரை பொறுக்கத்தான் வேண்டும்.

அப்புறம், தினம் ஒரு கிட் வாங்கி, நேற்றைய கோட்டோடு இன்றைய கோட்டை ஒப்பிட்டுப் பார்க்கிறீர்களே, அதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். அந்தக் கவலை எனக்குப் புரிகிறது, ஏற்கெனவே ஒரு கருவை இழந்தவர்களுக்கு இன்னும் கூடுதலாகவே இருக்கும். ஆனால் நிறையத் தண்ணீர் குடித்தாலே கோடு வெளிறும். கரு வளர்ச்சி நின்ற பிறகும் ஹார்மோன் சில வாரம் உடலில் தங்கலாம் என்பதால், அழுத்தமான கோடும் உறுதி தராது. ஹார்மோன் ஏறுகிறதா என்று தெரிய வேண்டுமானால், வழக்கமாக 48 மணி நேர இடைவெளியில் இரண்டு ரத்தப் பரிசோதனை செய்வோம். மற்றதை ஸ்கேன் சொல்லும். அதுவரை, கடைசி மாதவிடாயின் முதல் நாளைக் குறித்து வையுங்கள். ஃபோலிக் அமில மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

கரு எங்கே தங்கியிருக்கிறது என்பதும் கோட்டுக்குத் தெரியாது. கருக்குழாயில் தங்கினாலும் கோடு வரும். அடிவயிற்றில் கடும் வலி, குறிப்பாக ஒரு பக்கமாக, ரத்தக்கசிவு, மயக்கம், தோள் நுனியில் வலி, இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். வீட்டில் யாரையாவது எழுப்பி உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். கோடு வந்த விஷயத்தை அங்கே முதலில் சொல்லுங்கள்.