உங்கள் பெயர் ஒரு பதிவேட்டில் ஏற வேண்டும்

நேயர்களுக்கு வணக்கம். வேறொரு நாட்டில் செவிலியராகப் பணியாற்ற உரிமம் பெறுவது எப்படி என்று பேச என்னை அழைத்திருக்கிறார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் வார்டுகளில் வேலை பார்த்தவள் நான். பிறந்த நாட்டிலும் பிற நாட்டிலும் பதிவு பெற்றிருக்கிறேன். இப்போது, புறப்படத் தயாராகும் செவிலியர்கள் தங்கள் ஆவணங்களை ஒழுங்கு செய்ய உதவி வருகிறேன்.

என்னிடம் வருகிறவர்கள் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். "எந்தப் பரீட்சை எழுத வேண்டும், அக்கா?" நான் திருப்பிக் கேட்பேன்: "நீங்கள் படித்த காலத்தில் மனநலப் பிரிவில் எத்தனை மணி நேரம் பயிற்சி எடுத்தீர்கள்? அது உங்கள் கல்லூரிச் சான்றில் எழுதியிருக்கிறதா?" பெரும்பாலும் பதில் வராது. சரியாகச் சொன்னால், அந்த மௌனத்தைப் பற்றிப் பேசத்தான் இன்று வந்திருக்கிறேன். பரீட்சையில் தோற்று நின்றவர்களைவிடக் காகிதத்தில் சிக்கி நின்றவர்களை நான் அதிகம் பார்த்திருக்கிறேன். பரீட்சைக்குப் படிக்க எல்லோருக்கும் தெரியும். காகிதத்துக்கு யாரும் நம்மைப் பழக்கவில்லை.

உரிமம் என்றால் என்ன? ஒரு பதிவேட்டில் உங்கள் பெயர் இருப்பதுதான் உரிமம். நாடு முழுவதற்குமான தனிச் சட்டத்தின் மூலம் செவிலியர்களைப் பதிவு செய்யத் தொடங்கிய முதல் நாடு நியூசிலாந்து. 1901இல் சட்டம் வந்தது. 1902 ஜனவரியில் எல்லன் டௌகெர்டி என்ற பெண்ணின் பெயர் அந்தப் பதிவேட்டில் முதலாவதாக ஏறியது. அதற்கு முன்னால் யார் வேண்டுமானாலும் தன்னைச் செவிலி என்று சொல்லிக்கொண்டு நோயாளியின் படுக்கையருகே நிற்க முடிந்தது. ஆகவே பதிவேட்டைக் காக்கும் மன்றம் நமக்கு வேலை தேடித் தருவதற்காக உருவானதல்ல. நோயாளியைக் காப்பதற்காக உருவானது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் அவர்கள் கேட்கும் ஒவ்வொரு தாளும் புரியும். நீங்கள் சொல்லும் ஆள் நீங்கள்தானா? படித்ததாகச் சொல்வதைப் படித்தீர்களா? உங்கள் மேல் ஒழுங்கு நடவடிக்கை ஏதாவது உண்டா? நோயாளி சொல்வது உங்களுக்கும், நீங்கள் சொல்வது நோயாளிக்கும் புரியுமா? கேள்விகள் இவ்வளவுதான். படிவங்கள் நூறாக இருந்தாலும் இவற்றில் ஒன்றுக்குத்தான் பதில் கேட்கின்றன.

இன்னொன்றையும் ஆரம்பத்திலேயே பிரித்துப் பார்த்துவிடுங்கள். பதிவு வேறு, வேலை வேறு, விசா வேறு. மூன்றையும் தருவது மூன்று வெவ்வேறு இடங்கள். பிரிட்டனில் பதிவு தருவது என்எம்சி எனப்படும் செவிலியர், மகப்பேறு செவிலியர் மன்றம். ஆஸ்திரேலியாவில் நாடு முழுவதற்கும் ஒரே பதிவு. அமெரிக்காவிலோ ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு வாரியம். கனடாவில் மாகாணத்துக்கு மாகாணம் வேறு. அதனால் "அமெரிக்கா போகிறேன்" என்று சொன்னால் போதாது, எந்த மாநிலம் என்று சொல்ல வேண்டும். அமெரிக்காவில் மாநில உரிமத்துக்கு வழி பிறந்த பிறகும், வேலைக்கான விசாவுக்கு விசாஸ்கிரீன் என்ற தனிச் சான்றிதழ் தேவைப்படுகிறது. 1996ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் கொண்டுவந்த நிபந்தனை அது. பரீட்சையில் தேறியதும் எல்லாம் முடிந்தது என்று நினைத்து, இந்தச் சான்றிதழைப் பற்றிக் கடைசியில் கேள்விப்பட்டுத் திகைத்தவர்களை எனக்குத் தெரியும்.

இனி காகிதத்துக்கு வருகிறேன்.

நீங்கள் கையில் வைத்திருக்கும் பட்டச் சான்றிதழை, எவ்வளவு அழகாகச் சட்டம் போட்டு மாட்டியிருந்தாலும், பெரும்பாலான மன்றங்கள் அப்படியே ஏற்பதில்லை. அந்தச் சான்றிதழைக் கொடுத்த இடத்திலேயே விசாரித்து உறுதி செய்துகொள்கிறார்கள். இதற்கு மூல ஆவணச் சரிபார்ப்பு என்று பெயர். வளைகுடா நாடுகளில் டேட்டாஃப்ளோ என்ற நிறுவனத்தின் வழியாக இது நடக்கிறது. உங்கள் கல்லூரி, உங்கள் பழைய மருத்துவமனை, உங்களை முதலில் பதிவு செய்த மன்றம் ஆகிய எல்லாவற்றுக்கும் அவர்கள் நேரடியாக எழுதிக் கேட்பார்கள். அமெரிக்காவுக்கு 1977 முதல் இந்த வேலையைச் செய்துவரும் அமைப்பு சிஜிஎஃப்என்எஸ். 2025 முதல் அதன் பெயர் ட்ரூமெரிட். கனடாவின் பல மாகாணங்களுக்கு என்என்ஏஎஸ். இவ்வளவு சந்தேகம் ஏன் என்று கோபம் வரலாம். 2023 ஜனவரியில் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் வெளிவந்த வழக்கை நினைத்துப் பாருங்கள். 7,600க்கும் மேற்பட்ட போலிச் செவிலியர் பட்டயங்கள் அங்கே விற்கப்பட்டிருந்தன. அதை வாங்கியவர்களில் பலர் உரிமத் தேர்விலும் தேறி, வேலையிலும் சேர்ந்திருந்தார்கள். பரீட்சை ஒன்றை மட்டும் நம்பினால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

என் சொந்த அனுபவத்தைச் சொல்கிறேன். நான் படித்த கல்லூரி என் மதிப்பெண் விவரத்தை முத்திரையிட்ட உறையில் போட்டு என் கையில் கொடுத்தது. உள்ளே எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் ஆசையில் அன்றிரவே உறையைப் பிரித்துவிட்டேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் பிரித்த உறை செல்லாத உறை. மறுபடி விண்ணப்பம், மறுபடி கட்டணம், மறுபடி முதல்வரின் கையெழுத்து. ஐந்து மாதங்கள் போயின. அதற்குள் என் மொழித்தேர்வு முடிவு காலாவதியாகிவிட்டது. அந்த ஐந்து மாதங்களில் எனக்காகக் காத்திருந்த பணியிடமும் வேறொருவருக்குப் போனது. இப்போது பல கல்லூரிகள் விவரங்களை நேரடியாக இணையவழி அனுப்புகின்றன. ஆனால் விதி மாறவில்லை: அந்த ஆவணம் உங்கள் கை படாமல் போய்ச் சேர வேண்டும். கல்லூரியிடம் கேட்கும்போதே உங்களுக்கென்று தனியாக ஒரு நகலும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்த விவரத்தில் இருக்க வேண்டியது மதிப்பெண் மட்டுமல்ல. வயது வந்தோர் மருத்துவம், அறுவை, குழந்தைகள், மகப்பேறு, மனநலம் என்று ஒவ்வொரு பிரிவிலும் வகுப்பறையில் எத்தனை மணி நேரம், வார்டில் எத்தனை மணி நேரம் என்று தனித்தனியாகக் காட்ட வேண்டும். கலிஃபோர்னியா வாரியம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஒரு பாடத்தின் வகுப்பும் அதற்கான வார்டுப் பயிற்சியும் ஒரே காலகட்டத்தில் நடந்தனவா என்று கேட்கிறது. முதலாண்டில் படித்த பாடத்துக்கு மூன்றாம் ஆண்டில் பயிற்சி எடுத்திருந்தால் அங்கே சிக்கல். இது படித்தவரின் குற்றமல்ல, ஆனால் சுமை அவர் தலையில்தான். ஆகவே விண்ணப்பிக்கும் மாநிலத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் உங்கள் மணி நேரக் கணக்கைப் பாருங்கள்.

பெயர் விஷயம் சிறியதாகத் தோன்றும். பள்ளிச் சான்றில் ஒரு எழுத்துக்கூட்டல், பட்டத்தில் இன்னொன்று, பாஸ்போர்ட்டில் தலைப்பெழுத்து விரிந்து முழுப் பெயராகி நிற்கும், திருமணத்துக்குப் பின் பெயரே மாறியிருக்கும். கணினிக்கு இவை நான்கு வெவ்வேறு ஆட்கள். இவை எல்லாம் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் ஒன்றை முதலிலேயே எடுத்துவிடுங்கள். அதைவிட நல்லது, பாஸ்போர்ட்டில் இருப்பதற்கு ஏற்ப மற்றவற்றைத் திருத்திக்கொள்வது.

அடுத்து மொழி. ஆங்கிலம் பேசும் நாடுகளுக்கு ஐஇஎல்டிஎஸ், ஓஇடி என்ற இரண்டு தேர்வுகள் பரவலாக ஏற்கப்படுகின்றன. ஐஇஎல்டிஎஸ் பொதுவானது. ஓஇடி மருத்துவத் துறையினருக்கென்றே வடிவமைக்கப்பட்டது. அதில் எழுத்துத் தேர்வு என்பது ஒரு நோயாளியின் குறிப்புகளைப் படித்து அடுத்துப் பார்க்கப்போகும் மருத்துவருக்கோ செவிலியருக்கோ கடிதம் எழுதுவது. மொத்தம் 45 நிமிடம். பேச்சுத் தேர்வில் நீங்கள் செவிலியர், எதிரே இருப்பவர் நோயாளி. வார்டில் வளர்ந்தவர்களுக்கு இது பழகிய களம் என்பதால் நான் ஓஇடி பக்கம் சாய்வேன். பிரிட்டனின் என்எம்சி, ஐஇஎல்டிஎஸ் என்றால் படித்தல், கேட்டல், பேசுதல் மூன்றிலும் 7, எழுதுதலில் 6.5 கேட்கிறது. ஓஇடி என்றால் எழுதுதலில் சி பிளஸ், மற்றவற்றில் பி. எழுத்துக்கு மட்டும் ஒரு படி குறைவாக இருப்பதைக் கவனியுங்கள். அதிகம் பேர் சறுக்கும் இடம் அதுதான்.

இந்த முடிவுகளைப் பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்குத்தான் ஏற்கிறார்கள். என்னை வீழ்த்தியதும் அந்தக் கணக்குதான். அதனால் வரிசையை மாற்றச் சொல்கிறேன். முதலில் கல்லூரி, பழைய மருத்துவமனை, தாய்நாட்டு மன்றம் ஆகியவற்றுக்கு எழுதுங்கள். அவர்கள் பதில் வரத் தொடங்கிய பிறகு மொழித்தேர்வு எழுதுங்கள். படிப்பதை இன்றே தொடங்கலாம். தேர்வு நாளை மட்டும் அவசரப்பட்டுக் குறிக்க வேண்டாம். தாய்நாட்டு மன்றம் தரும் நன்னடத்தைச் சான்றும் சில மாதங்களுக்குத்தான் செல்லும் என்பதால் அதற்கும் நேரம் பார்க்க வேண்டும்.

ஜெர்மனியின் கதை வேறு. அங்கே ஜெர்மன் மொழியில் பி2 நிலை, அதாவது பணியிடத்தில் தடுமாறாமல் பேசிப் புரிந்துகொள்ளும் அளவு, வேண்டும். உங்கள் படிப்பை அவர்கள் நாட்டுப் படிப்போடு ஒப்பிட்டு, எங்கெங்கே குறைகிறது என்று எழுத்தில் ஒரு முடிவு தருவார்கள். குறையை நிரப்ப அறிவுத் தேர்வு எழுதலாம், அல்லது மருத்துவமனையில் தகவமைப்புப் பயிற்சி எடுக்கலாம். முடிவெடுப்பது உங்கள் உரிமை. அயர்லாந்திலும் இதேபோன்ற இரண்டு வழிகள் உண்டு. குறை என்ற சொல்லைக் கண்டு மனம் உடைந்து போகாதீர்கள். உங்கள் திறமைக்கு அவர்கள் போட்ட மதிப்பெண் அல்ல அது, இரண்டு பாடத்திட்டங்களுக்கு இடையே உள்ள இடைவெளியின் கணக்கு.

பரீட்சைகளைப் பற்றி இப்போது சொல்கிறேன். அமெரிக்காவும் கனடாவும் என்கிளெக்ஸ் என்ற செவிலியர் உரிமத் தேர்வை நடத்துகின்றன. ஆஸ்திரேலியாவும் வெளிநாட்டில் படித்தவர்களில் ஒரு பிரிவினருக்கு அதையே வைத்திருக்கிறது. 1994 முதல் அது கணினித் தேர்வு. நீங்கள் சரியாகச் சொன்னால் அடுத்த கேள்வி கடினமாகும், தவறினால் எளிதாகும். குறைந்தது 85 கேள்வி, அதிகபட்சம் 150, ஐந்து மணி நேரம். நீங்கள் தேர்ச்சிக் கோட்டுக்கு மேலே இருக்கிறீர்களா கீழே இருக்கிறீர்களா என்பது 95 சதவீத உறுதியோடு தெரிந்தவுடன் கணினி நின்றுவிடும். ஆகவே கேள்விகள் கடினமாகிக்கொண்டே போகிறதே என்று அரங்கில் உட்கார்ந்து கலங்காதீர்கள். நன்றாக எழுதுகிறவர்களுக்கும் பாதிக் கேள்விகள் கடினமாகவே இருக்கும். 2023 ஏப்ரலில் வந்த புதிய வடிவத்தில், ஒரு நோயாளியின் நிலை மணிக்கு மணி மாறுவதைக் காட்டி, எதைக் கவனித்தீர்கள், எது அவசரம், முதலில் என்ன செய்வீர்கள் என்று தொடர்ச்சியாகக் கேட்கிறார்கள். மனப்பாடம் அங்கே உதவாது.

பிரிட்டனில் இரண்டு கட்டம். கணினித் தேர்வை உங்கள் நாட்டிலேயே எழுதலாம். ஆஸ்கி என்ற செய்முறைத் தேர்வுக்கு அங்கே போக வேண்டும். அதில் பத்து நிலையங்கள்; ஒவ்வொன்றிலும் ஒரு வேலையைச் செய்து காட்ட வேண்டும். ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் இதே வகைத் தேர்வை வைத்திருக்கின்றன. பதினைந்து ஆண்டு அனுபவமுள்ள செவிலியர்கள் இதில் தவறுவதைப் பார்த்து நெஞ்சு கனத்திருக்கிறது. ஊசி போடத் தெரியாமலா தவறினார்கள்? இல்லை. வாசலில் கை சுத்தம் செய்யவில்லை, தன் பெயரைச் சொல்லவில்லை, மருந்து கொடுக்குமுன் நோயாளியின் பெயரையும் பிறந்த தேதியையும் ஒவ்வாமையையும் வாய்விட்டுக் கேட்கவில்லை. அறுபது படுக்கையுள்ள வார்டில் தனியாக ஓடியவருக்கு எதிரே இருக்கும் நோயாளியை அடையாளம் தெரியும். கேட்க வேண்டியதே இருந்ததில்லை. அந்தப் பழக்கம்தான் அங்கே காலை வாருகிறது. மனத்துக்குள் செய்யும் ஒவ்வொரு சோதனையையும் உரக்கச் செய்து பழகுங்கள். வீட்டில் ஒருவரைப் படுக்க வைத்துக்கூடப் பழகலாம்.

வளைகுடா நாடுகளில் ஆவணச் சரிபார்ப்போடு ஒரு கணினித் தேர்வும் உண்டு. பெரும்பாலும் பிரோமெட்ரிக் அல்லது பியர்சன் வியூ மையங்களில் நடக்கும். கேள்விகள் வார்டு வேலையை ஒட்டியே இருக்கும். வேலையில் நீண்ட இடைவெளி விட்டவர்கள் மட்டும் அந்த இடைவெளி பற்றிய விதியை முதலில் படித்துவிட வேண்டும்.

இடைத்தரகர்கள் பற்றி மனம் திறந்து சொல்ல வேண்டும். வேலை தேடித் தருவதற்காகத் தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1997ஆம் ஆண்டு, 181ஆம் உடன்படிக்கையின் பொது விதி. நேர்மையான முகவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மருத்துவமனையிடம் பணம் வாங்குகிறார்கள், உங்களிடம் அல்ல. "உரிமம் வாங்கித் தருகிறேன்" என்று ஒருவர் சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். உரிமத்தை யாரும் வாங்கித் தர முடியாது. மன்றத்தின் இணையதளத்தில் உங்கள் கணக்கை உங்கள் மின்னஞ்சலில், உங்கள் கடவுச்சொல்லில் நீங்களே திறங்கள். வேறொருவர் மின்னஞ்சலில் திறந்த கணக்கால், தன் பதிவின் நிலை என்ன என்றுகூடத் தெரியாமல் ஓராண்டு தவித்த பெண் ஒருத்தி என் முன்னால் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். அசல் சான்றிதழ்களை யாரிடமும் விட்டுவைக்காதீர்கள். பணி ஒப்பந்தத்தில், இடையில் விலகினால் எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்ற பத்தியைக் கையெழுத்திடும் முன் இரண்டு முறை படியுங்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2025ஆம் ஆண்டு அறிக்கைப்படி, உலகில் ஏறத்தாழ மூன்று கோடிச் செவிலியர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஏழில் ஒருவர் தான் பிறந்த நாட்டில் பணியாற்றவில்லை. நம் வழி புது வழி அல்ல. பல லட்சம் பேர் நடந்து தேய்ந்த வழி.

இந்த நிகழ்ச்சி முடிந்ததும் ஒரு தாளை எடுத்து உங்கள் கல்லூரி முதல்வருக்கு எழுதுங்கள். பாஸ்போர்ட்டில் உள்ளபடி உங்கள் பெயர், படித்தபோது இருந்த பெயர், சேர்ந்த ஆண்டு, முடித்த ஆண்டு, பதிவு எண். பிரிவு வாரியாக வகுப்பு நேரமும் பயிற்சி நேரமும் வேண்டும் என்று கேளுங்கள். யாரிடம் கையெழுத்து வாங்க வேண்டும், எத்தனை நாளாகும் என்றும் கேளுங்கள். தேதி போடுங்கள். நகல் ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வணக்கம்.