நாற்காலிக் கடை முனை

எல்லாருக்கும் வணக்கம். நான் பேச்சாளன் இல்லை, கட்டில் பீரோ விற்கிறவன். மரபு வாரத்துக்குக் கடையின் கதையைச் சொல்லச் சொன்னார்கள். உண்மையில் கடையைவிடக் கட்டடத்தைத்தான் புதுச்சேரிக்குத் தெரியும். ஆட்டோக்காரரிடம் ‘நாற்காலிக் கடை முனை’ என்றால் போதும், தெருப் பெயர் வேண்டாம்.

கீழே திண்ணை, தாழ்வாரம், முற்றம். மாடிக்குப் போனால் வளைவு ஜன்னல், பிரெஞ்சு சாயல். நம் தமிழர் பகுதியில் இப்படிக் கலந்து கட்டிய வீடுகள் பல. தாத்தா அந்தத் திண்ணையில் வாடகைக்கு உட்கார்ந்து பிரம்பு பின்னினார். அப்புறம் தாழ்வாரம், அப்புறம் முழு வீடு. எப்படி வாங்கினார் என்பது கடன்காரர்கள் வரும் கதை, விடுங்கள்.

ஐப்பசியில் யாராவது, ‘டிராயர் சிக்குது, இழைச்சுக் கொடுங்க’ என்று வந்தால் தாத்தா திருப்பி அனுப்பிவிடுவார். ‘மழையில மரம் ஊதியிருக்கு. தை பொறக்கட்டும், தானா திறக்கும். இப்ப இழைச்சா பங்குனியில லொடலொடன்னு ஆடும்.’ வந்த காசை இப்படி விரட்டிய முதலாளியை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

1954 நவம்பர் 1-இல் புதுச்சேரி ஆட்சி பிரெஞ்சுக்காரரிடமிருந்து இந்தியாவுக்குக் கை மாறியது. 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படி இணைப்பு. அதிலிருந்து ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தவர்களுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை நிலைத்தது. அப்படி எழுதிக் கொடுத்துவிட்டு பிரான்சுக்குப் போன சில சொல்தா (பிரெஞ்சுப் படையில் இருந்த சிப்பாய்) குடும்பங்கள், ‘வந்து எடுத்துக்கறோம்’ என்று சாமான்களைக் கடையில் விட்டார்கள். ஈட்டி மரச் சாய்வு நாற்காலிகள். காலைத் தூக்கிப் போட்டுக்கொள்ளக் கை நீளமாக வருமே, அந்த ரகம். தாத்தா ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலால் வீட்டுப் பெயரை எழுதி மாடியில் அடுக்கினார். விற்கவில்லை. அப்பாவுக்கு எரிச்சல்: ‘இடத்தை அடைக்குதே, வாடகை யார் கொடுப்பா?’

2011 டிசம்பர் 30, தானே புயல். மாடி ஜன்னல் கதவுகள் பிய்ந்து தண்ணீர் உள்ளே கொட்டியது. புதுசாக இறக்கியிருந்த ஒட்டுப்பலகை பீரோக்கள் அப்பளமாக உப்பிவிட்டன. பழைய நாற்காலிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பிரம்பை ஊறவைத்துத்தானே பின்னுகிறோம்? காய்ந்ததும் இறுகிக்கொண்டது.

அப்புறம் ஒரு நாள் பாரிஸிலிருந்து ஒரு அம்மா, பேரனோடு வந்தார். என் தாத்தா பெயரைச் சொன்னார். மாடியில் ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்தோம். ஐந்தாவது நாற்காலியில் அவர்கள் வீட்டுப் பெயர், பென்சில் எழுத்தில். அவருக்குத் தமிழ் பேசத்தான் தெரியும். நான் படித்துக் காட்டினேன். கையால் தடவிப் பார்த்துவிட்டு, என்ன விலை என்றார்.

‘இது உங்களோடதுதாம்மா. அப்பா கணக்குல வாடகை மட்டும் பாக்கி’ என்றேன்.