புல்லுக்குக் கீழே

நேயர்களுக்கு வணக்கம். கால்பந்து மைதானத்தைப் புதுப்பிக்கிறோம் என்று கிளம்பினால், நம் ஊர்களில் முதல் வேலை கேலரிக்குப் பெயின்ட் அடிப்பதுதான். ஐப்பசியில் ஒரு மழை பெய்யட்டும், கோல் போஸ்டுக்கு முன்னால் தண்ணீர் கட்டிக்கொள்ளும். பெரிய இடத்திலும் இந்தக் கதைதான். லண்டன் வெம்பிளியில் 1923இல் திறந்த அரங்கத்தை இடித்துவிட்டு, 2007இல் புதிதாகத் திறந்தார்கள். உயர்ந்த கூரை வெயிலையும் காற்றையும் மறைக்க, புல் வேர்பிடிக்கவில்லை. சில ஆண்டுகளுக்குள் பலமுறை பெயர்த்துப் போட்டார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆடுகளம் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். 5 சென்டிமீட்டர் மழை விழுந்தால் மூன்றரை லட்சம் லிட்டருக்கு மேல் தண்ணீர். 12,000 லிட்டர் டேங்கர் லாரி முப்பது! செட்டிநாட்டு வீட்டு முற்றத்துத் தண்ணீருக்குத் தரைக்கடியில் வழி வைத்தார்களே, அப்படி இதற்கும் வழி வேண்டும்.

பணம் இருந்தால், ஐந்து முதல் பத்து மீட்டருக்கு ஒன்றாக வாய்க்கால் வெட்டி, துளையிட்ட 100 மில்லிமீட்டர் குழாய் பதித்து, மேலே ஜல்லி, அதற்கு மேல் ஓரடி மணல். மணல் மட்டுமே, நூறு கன அடி ஒரு யூனிட் என்ற கணக்கில், சுமார் 770 யூனிட் பிடிக்கும். இங்கேதான் ஏமாறுகிறோம். விலை குறைவு என்று கிரஷர் தூசியைக் கொட்டினால், அந்த மாவு இடுக்கையெல்லாம் அடைத்துவிடும். குழாய் இருந்தும் தண்ணீர் இறங்காது. லாரியிலிருந்து ஒரு கை மணலை எடுத்து, தண்ணீர் பாட்டிலில் போட்டுக் குலுக்கி, மூன்று மணி நேரம் அசையாமல் வையுங்கள். மணலுக்கு மேல் வண்டல் தடிமனாகப் படிந்தால் லாரியைத் திருப்பி அனுப்புங்கள். இரக்கமே வேண்டாம்!

பணம் இல்லையா? காரைக்குடிப் பக்கத்துச் செம்மண்ணிலேயே நடுவை உயர்த்தி, பக்கவாட்டில் நூற்றுக்கு ஒன்று சரிவு கொடுங்கள். நடுக்கோட்டிலிருந்து ஓரம்வரை 34 மீட்டருக்கு 34 சென்டிமீட்டர். ஆடுபவருக்குக் காலில் தெரியாது. ஈரத்தில் மட்டும் ரோடு ரோலரை ஏற்றாதீர்கள். மண் இறுகினால் சரிவு இருந்தும் வேர் இறங்காது, அருகம்புல்கூடப் பிடிக்காது. மண்ணைத்தான் முதலில் பார்க்கவேண்டும், திரும்பவும் சொல்கிறேன்.

கொல்கத்தா சால்ட் லேக் அரங்கத்தில், 2017இல் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக்கோப்பைக்கு முன்பே செயற்கைத் தரையைப் பெயர்த்து இயற்கைப் புல் போட்டதைப் பற்றியும் பேச நினைத்தேன். நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். கேலரிக்கு ஒரே வார்த்தை: அதன் கூரைத் தண்ணீர் ஆடுகளத்துக்குள் விழக்கூடாது. தனி வாய்க்கால் வெட்டி ஊருணி வரத்துக்காலில் விட்டுவிடுங்கள். வணக்கம்.