கீறல் விழுந்த இசைத்தட்டு

நேயர்களுக்கு வணக்கம். வானொலிக்கு வந்து உட்கார்ந்துகொண்டு இன்னொரு வானொலியைக் குறை சொல்லப் போகிறேன்; நிலையத்தார் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நிறவெறி ஆட்சிக் காலத்தில் தென்னாப்பிரிக்க அரசு வானொலியில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு பாட்டு ஆகாது என்று முடிவானால், இசைத்தட்டில் அந்தப் பாட்டு ஓடும் இடத்தைக் கூரான எதையாவது வைத்துக் கீறிவிடுவார்கள். மற்றப் பாட்டுகள் ஒழுங்காக ஓடும். அங்கே வந்ததும் முள் தாவும்.

வுயிசிலே மினியின் பாட்டுக்குத் தட்டே தேவைப்படவில்லை. போர்ட் எலிசபெத் என்ற துறைமுக ஊரில் கூலி வேலை பார்த்தவர், தொழிற்சங்கக்காரர், கனத்த கட்டைக் குரல். நிறவெறிச் சட்டங்களுக்கு மூளையாக இருந்த வெர்வூர்ட் 1958இல் பிரதமரானார். அவர் பெயரைச் சொல்லியே மினி பாட்டுக் கட்டினார்: பார்த்து இரு வெர்வூர்ட், கறுப்பன் வருகிறான். இவ்வளவுதான் சேதி. மெட்டு மட்டும் நம் கல்யாண வீட்டு ஊஞ்சல் பாட்டு மாதிரி ஆடி ஆடிப் போகும்.

கோபப் பாட்டு என்றால் தொண்டை கிழியக் கத்த வேண்டும் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. கத்துகிறவனுக்குச் சீக்கிரம் களைத்துவிடும். இந்த மெட்டைப் பாட்டியும் பாடலாம், பேரனும் பாடலாம். பாஷை தெரியாத போலீஸ்காரர் தலையாட்டினாலும் ஆச்சரியமில்லை. 1955இல் ஜோஹானஸ்பர்கின் சோஃபியாடவுன் பகுதியிலிருந்த கறுப்பின மக்களை அரசு லாரியில் ஏற்றி மெடோலாண்ட்ஸில் கொண்டு இறக்கியபோதும் இதே கதைதான். அந்தப் புது இடத்தின் பெயரிலேயே துள்ளலாக ஒரு பாட்டு வந்தது. நம்மைப் புகழ்கிறார்கள் என்று அதிகாரிகள் மகிழ்ந்துபோனார்களாம். உள்ளே இருந்த வரியோ, 'நாங்கள் போகமாட்டோம், இங்கேயே இருப்போம்.'

1964 நவம்பர் 6. பிரிட்டோரியா சிறையில் மினியையும் தோழர்கள் இருவரையும் தூக்கிலிட்டார்கள். கொட்டடியிலிருந்து தூக்குமேடை வரை மூவரும் பாடிக்கொண்டே நடந்தார்கள். மற்றக் கைதிகள் அறைக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். உடலைக்கூட வீட்டாரிடம் கொடுக்கவில்லை. 1998இல்தான் தோண்டியெடுத்துப் போர்ட் எலிசபெத்துக்குக் கொண்டுபோய் மரியாதையோடு அடக்கம் செய்தார்கள்.

அவர் தூக்கில் தொங்கிய மறு வருஷமே அமெரிக்காவில் அந்தப் பாட்டைத் தட்டில் ஏற்றியவர் தென்னாப்பிரிக்கப் பாடகி மிரியம் மகேபா. 1960இல் தாயாரின் சாவுக்கு ஊர் திரும்பப் பார்த்தவர். பாஸ்போர்ட் ரத்தாகிவிட்டது என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. அமெரிக்கப் பாடகர் ஹாரி பெலஃபாண்டேயோடு சேர்ந்து அவர் வெளியிட்ட அந்தத் தட்டுக்குக் கிராமி விருதும் கிடைத்தது.

நிலையத்தார் அதைத் தேடி எடுத்து வைத்திருக்கிறார்கள். பாஷை நமக்குப் புரியாது. வெர்வூர்ட் என்ற பெயர் மட்டும் காதில் விழும். கேளுங்கள்.