இரண்டாவது இரத்தத்துக்கு ஒரு பஸ்

அவைக்குத் தலைமை தாங்கும் கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவர் அவர்களே, வயல் வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் கமக்காரர் அமைப்புச் செயலாளர் அவர்களே, சுகாதார வைத்திய அதிகாரி அவர்களே, எங்கள் விதானையார் அவர்களே, இந்த ஊர்ப் பிள்ளைகளில் பாதிப் பேரைத் தன் கையால் தராசில் போட்டு நிறுத்த குடும்பநல உத்தியோகத்தர் அம்மா அவர்களே, கதிரை கிடைக்காமல் பின்னுக்கு நிற்கிறவர்களே, எல்லோருக்கும் வணக்கம். பிரதேச செயலாளர் ஐயா வந்துகொண்டிருக்கிறாராம். வந்ததும் அவருக்குத் தனியாக ஒரு வணக்கம் வைப்பேன்.

‘மருத்துவ ஆய்வில் மக்கள் பங்கு’ என்று தலைப்புத் தந்திருக்கிறார்கள். மூன்று விஷயம் சொல்லப்போகிறேன். ஆய்வில் யாரைச் சேர்க்கிறார்கள், எந்தத் தமிழில் கேட்கிறார்கள், முடிவு யார் கைக்கு வருகிறது.

தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று என் ஆச்சி சொல்லுவா. கிட்னி வருத்தம் எங்களுக்கு வந்திருக்கிறது. 1990களில் அநுராதபுரம், மதவாச்சிப் பக்கம் வைத்தியர்கள் இதைக் கவனித்தார்கள். சீனி வருத்தமும் இல்லை, பிரஷரும் இல்லை, ஆனாலும் கமக்காரனின் சிறுநீரகம் பழுதாகிறது. வவுனியாவிலும் அதே கதை. கிணற்று நீரின் புளோரைட்டா, வயலுக்கு அடிக்கும் மருந்தா, வெயிலில் தண்ணீர் குடியாமல் மாய்வதா என்று தேடித் தேடி, முடிவான காரணம் இன்னும் இல்லை.

சில வருடத்துக்கு முன் இதை ஆராய இரண்டு பிள்ளைகள் எங்கள் ஒழுங்கைக்கு வந்தார்கள். எங்கிருந்து என்று சொல்லமாட்டேன், நல்ல பிள்ளைகள். காலை பத்து மணி. பக்கத்து வீட்டு மச்சாள் முற்றம் கூட்டிக்கொண்டு நிற்கிறா.

“அம்மா, ஐயா ஒரு நாளைக்கு எத்தனை லீற்றர் தண்ணி குடிப்பார்?”

மச்சாளுக்கு லீற்றர் என்றால் மண்ணெண்ணெய்தான். “தம்பி, அவர் செம்பிலை குடிக்கிறவர்.”

“எத்தனை செம்பு?”

“அதை நான் என்னெண்டு எண்ணுறது? விடிய வயலுக்குப் போனால் பின்னேரம்தானே வாறார்.”

சரி என்று ஏதோ ஓர் எண்ணை எழுதிக்கொண்டார்கள். வீட்டுக் கிணற்றில் வாளி விட்டு அள்ளி, போத்தலில் நிரப்பி, பெயர் ஒட்டி, ஐஸ் பெட்டிக்குள் வைத்தார்கள். மச்சாள் தேத்தண்ணி கொடுத்தா. குடித்தார்கள். வாகனம் ஸ்டார்ட் பண்ணுகிற நேரம்தான் மச்சாள் கேட்டா: “தம்பி, அந்தத் தண்ணியை ஏன் கொண்டு போறியள்? அது உடுப்புத் தோய்க்கிற தண்ணியெல்லோ! வீட்டிலை குடிக்கிறது பவுசர் தண்ணி. அவர் குடிக்கிறது வயல் துரவிலை.”

சிரியுங்கள், நானும் சிரித்தேன். ஆனால் மச்சாள் வாய் திறக்காவிட்டால், ஒரு மனிதன் வருடக்கணக்காகக் குடித்த தண்ணீர் துரவிலேயே கிடக்க, உடுப்புத் தோய்த்த தண்ணீர் ஆய்வுகூடத்துக்குப் போயிருக்கும். மச்சாள் படித்தது எட்டாம் வகுப்பு. கேள்வித்தாள் எழுதும்போதே அவவுக்கு ஒரு கதிரை போட்டிருந்தால், ‘எத்தனை லீற்றர்’ என்பதற்கு முன் ‘எங்கே குடிக்கிறார்’ என்று கேட்டிருப்பார்கள். தலையிடியும் காய்ச்சலும் யாருக்கோ, கேள்வி எழுதுகிறவர் வேறு யாரோ.

1964இல் உலக மருத்துவச் சங்கம் ஹெல்சிங்கியில் ஆய்வு நெறிகளை எழுதியது. அதில் எங்களைப் போன்றவர்களுக்குப் பெயர் ‘ஆய்வுக்கு உட்படுத்தப்படுபவர்’. 2024இல்தான் அதை எடுத்துவிட்டு ‘பங்கேற்பாளர்’ என்று போட்டார்கள். ஒரு சொல் மாற அறுபது வருடம்!

சம்மதப் படிவத்தின் தமிழைப் பற்றி இரண்டாவதாகச் சொல்லவேண்டும். எழுதியவருக்கே அது விளங்கியிருக்குமோ தெரியாது. அதைப் பிறகு சொல்கிறேன், ஏனென்றால் பங்கேற்பது என்றால் முதலில் போய்ச் சேரவேண்டுமே. கிரியேற்றினின் என்பது சிறுநீரகம் பழுதானால் இரத்தத்தில் கூடுகிற கழிவு. அது ஒருமுறை கூடிவிட்டால் போதாது. மூன்று மாதம் கழித்தும் கூடியிருந்தால்தான் நாட்பட்ட நோய் என்பார்கள். ஆக, இரண்டு தரம் இரத்தம் கொடுக்கவேண்டும். முதல் இரத்தம் இதே மண்டபத்தில் எடுத்தார்கள், எல்லோரும் வந்தோம். இரண்டாவதுக்கு ரவுணுக்கு வா என்றார்கள். ஏ9 வீதியில் இருப்பவர்கள் போனார்கள். பத்துக் கட்டை உள்ளே இருக்கும் நாங்கள் போனால் பின்னேரம் திரும்ப பஸ் இல்லை. ஓட்டோவுக்குக் கேட்கும் காசில் ஒரு கிழமை சாப்பிடலாம். அறிக்கையில் எங்களை ‘தொடர்ந்து வராதவர்கள்’ என்று எழுதியிருப்பார்கள். பஸ்தான் வரவில்லை ஐயா, நாங்கள் வீதியில்தான் நின்றோம். போக்குவரத்துச் சபைக்கு நான் நாலு கடிதம் போட்டுவிட்டேன். தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே கடிதத்தைப் பிரிப்பார்கள்.

பிரதேச செயலாளர் ஐயா வந்துவிட்டார், வணக்கம் ஐயா, சரியான நேரத்துக்கு வந்தீர்கள். வாசலில் ஒரு கொப்பி இருக்கிறது, பின்னேரப் பஸ் கேட்டு மனு. பேனையை நூலில் கட்டியிருக்கிறேன். கையெழுத்து வராதவர்களுக்கு மைப் பெட்டியும் கொண்டுவந்திருக்கிறேன். சோடா பிறகு குடிக்கலாம், முதலில் கொப்பிக்கு வாருங்கள்.