கட்டைப் பிரிக்கட்டுமா, டீச்சர்?

(ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றில், முதல் பருவ நிறைவு நாளன்று நடந்த பெற்றோர் கூட்டத்தில் தலைமையாசிரியை ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். பின்னால் வெயிலில் நிற்பவர்கள் வேப்பமரத்தடிக்கு வந்துவிடுங்கள். நாற்காலிகள் இவ்வளவுதான், பாய் விரித்திருக்கிறோம். நூறு நாள் வேலைக்குப் போகாமல் வந்திருக்கிற தாய்மார்களை நெடுநேரம் உட்கார வைக்க மாட்டேன்.

செய்திகளை முதலில் சொல்லிவிடுகிறேன். தொகுத்தறி மதிப்பீடு, அதாவது பருவத் தேர்வு, நேற்றோடு முடிந்தது. இன்று மாலை முதல் விடுமுறை. பள்ளி திறந்ததும் இரண்டாம் பருவப் புத்தகங்கள் கொடுப்போம். பழைய புத்தகத்தைப் பையிலிருந்து எடுத்து வையுங்கள், எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பை கனக்கக் கூடாது என்றுதான் 2012இல் முப்பருவ முறையே வந்தது. நம் பிள்ளைகள் மிச்ச இடத்தைக் கூழாங்கல்லும் புளியங்கொட்டையுமாக நிரப்பிவிடுகிறார்கள், அது வேறு கதை. இன்னொன்று: 2023 ஆகஸ்டில் காலை உணவு நம் பள்ளிக்கும் வந்த பிறகு, காலை வழிபாட்டில் தலை சுற்றுகிறது என்று உட்காரும் பிள்ளைகளைக் காண்பது அரிதாகிவிட்டது. விடுமுறையில் அந்த உணவு கிடையாது. வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் அதை மறந்துவிடாதீர்கள்.

இனி, நான் பேச வந்த விஷயம். போன வாரம் ஒரு தாத்தா என்னிடம் கோபமாக வந்தார். "மூன்றாம் வகுப்புப் பிள்ளையை ஏனம்மா ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார வைத்திருக்கிறாய்? என் பேத்தி என்ன மக்கா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை. விளக்கம் சொல்லாதது எங்கள் தவறு.

2020 மார்ச்சில் பூட்டிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் முதல் தேதிதான் திறந்தன. ஒன்றாம் வகுப்பையே பார்க்காமல் மூன்றாம் வகுப்புக்கு வந்து நின்றவர்கள் உண்டு. அந்தப் பள்ளத்தை அடைக்கத்தான் 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' என்ற அரசுத் திட்டம் தொடங்கியது. இதில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகள். பிள்ளை எந்த வகுப்பில் பெயர் பதிந்திருக்கிறது என்பதைவிட, எதுவரை தெரிந்திருக்கிறது என்று பார்த்து நிலையை முடிவு செய்கிறோம். அரும்பில் உட்கார்ந்தால் தண்டனை இல்லை, மலரில் உட்கார்ந்தால் பட்டமும் இல்லை. இரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்புகளைப் பார்க்கிற நம் பள்ளியில், எல்லாருக்கும் ஒரே பாடத்தை ஒரே மூச்சில் நடத்தினால் பாதிப் பேர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இது புதிதும் அல்ல. 2007இல் செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுக்க வந்தபோது நான் இளம் ஆசிரியை. பிள்ளை அட்டைகளை வைத்துத் தானே செய்து, தன் வேகத்தில் படிக்கும் முறை அது. பாடங்களை வரிசையாகக் காட்டும் ஏணிப்படி, சின்னம் போட்ட அட்டைகள், தரையில் பாய். பிள்ளைகள் எழுதுவதற்காகச் சுவரின் அடியில் பூசிய கரும்பலகை இன்றும் இருக்கிறது, போகும்போது பாருங்கள். யோசனை நல்ல யோசனை. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அட்டையைத் தேடுவதிலேயே எங்களுக்குப் பாதிப் பொழுது போனது.

அந்தத் தாத்தாவின் பேத்தியிடம் வருகிறேன். 42இல் 17 போனால் எவ்வளவு? அவள் 35 என்று எழுதியிருந்தாள். கவனக்குறைவு என்று சிவப்பு மையால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போயிருக்கலாம். எப்படி வந்தது என்று கேட்டேன். "2இல் 7 போகாது டீச்சர், அதனால் 7இல் 2ஐக் கழித்தேன்" என்றாள். பாருங்கள், அவளுக்குக் கழிக்கத் தெரிகிறது. 42 என்பதற்குள் நான்கு பத்துகள் இருப்பதுதான் தெரியவில்லை. வீட்டில் 'கடன் வாங்கு' என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். "யாரிடம் வாங்குவது, எப்போது திருப்பிக் கொடுப்பது?" என்று கேட்கிறாள். இந்த ஊரில் அந்தக் கேள்விக்கு யார் பதில் சொல்வது!

விளக்குமாற்று ஈர்க்குச்சிகளை ஒடித்து, பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டு வைத்திருக்கிறோம். நான்கு கட்டும் இரண்டு உதிரிக் குச்சியும் கொடுத்து, 17 எடு என்றேன். ஒரு கட்டை எடுத்து வைத்தாள். இரண்டு உதிரியையும் எடுத்தாள். இன்னும் ஐந்து வேண்டும். கையைப் பிசைந்துகொண்டு மற்ற மூன்று கட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிட எனக்கு நாக்கு துடித்தது. பக்கத்திலிருந்த பையன் வாயைத் திறந்தான். அவனைக் கண்ணாலேயே அடக்கினேன். கடைசியில் அவளே மெதுவாகக் கேட்டாள்: "கட்டைப் பிரிக்கட்டுமா, டீச்சர்?"

பிரித்தாள். ஐந்தை எடுத்தாள். மீதி இரண்டு கட்டு, ஐந்து குச்சி. 25. அதன் பிறகு அவள் நோட்டில் அந்தத் தவறு வரவில்லை. வேறு தவறுகள் வருகின்றன, வரட்டும்.

ஆகவே விடுமுறையில் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன் என்று யாரும் அவசரப்பட வேண்டாம். வீட்டுப்பாடமும் கொடுக்கவில்லை, கொடுத்தால் அக்காமார்களின் கையெழுத்தில்தான் திரும்பி வருகிறது. கடைக்கு அனுப்புங்கள், மீதிச் சில்லறையைப் பிள்ளையே எண்ணி வாங்கட்டும். அண்ணாச்சி சிறிது நேரம் காத்திருப்பார். ஆளுக்கு ஒரு கதைப் புத்தகம் கொடுத்து அனுப்புகிறோம். கிழிந்தால் ஒட்டிக்கொள்ளலாம், எடுத்துப் பீரோவில் பூட்டி வைக்காதீர்கள்.

இப்போது அந்தப் பேத்தி உங்கள் முன்னால் ஒரு பக்கம் படிக்கப் போகிறாள். 'கொக்கு' என்ற இடத்தில் கொஞ்சம் நிற்பாள், அந்தக் கொம்பும் காலும் அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. தாத்தா, நீங்கள் உட்பட யாரும் எடுத்துக் கொடுக்கக் கூடாது. வாம்மா, மைக்கைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்.