சுண்ணாம்பு போட்டால் காட்மியம் போய்விடுமா?

வணக்கம். பாபநாசம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா கேட்ட கேள்வி மூன்று நாளாக என்னை விடவில்லை. "சீனாவில் அரிசியில் காட்மியம் இருந்ததாகப் படித்தேன். வயலில் சுண்ணாம்பும் உமிச்சாம்பலும் போட்டால் போய்விடும் என்கிறார்கள். நாங்களும் போடலாமா?" இதுதான் கேள்வி.

"போய்விடும்" என்ற சொல்லில்தான் நான் நின்றுவிட்டேன். அம்மா, காட்மியம் எங்கேயும் போகாது. அது உடம்புக்கு நஞ்சான உலோகம். மட்காது, ஆவியாகாது. எத்தனை மூட்டை சுண்ணாம்பு போட்டாலும் வயலில் இருக்கிற காட்மியம் அப்படியேதான் இருக்கும். வேருக்குக் கிடைக்காதபடி அதைப் பூட்டி வைக்கிறோம், அவ்வளவுதான். மண்ணில் இருப்பது வேறு, மண் நீரில் கரைந்திருப்பது வேறு என்று பழைய காணொளிகளிலும் சொல்லியிருக்கிறேன். வேர் குடிப்பது கரைந்ததை மட்டும்தான்.

சீனாவில் நடந்தது இது. 2013-ல் குவாங்சோ நகரில் சோதித்த 18 அரிசி மாதிரிகளில் 8-ல் காட்மியம் வரம்பைத் தாண்டியிருந்தது. அங்கே வரம்பு கிலோவுக்கு 0.2 மில்லிகிராம். ஹுனான் மாகாணத்து அரிசியும் அதில் இருந்தது. அங்கே சுரங்கங்களும் உருக்காலைகளும் அதிகம், பல இடங்களில் மண்ணும் புளிப்பு. புளித்த மண்ணில் காட்மியம் எளிதாகக் கரையும். மண்ணின் புளிப்பைச் சொல்வது பி.எச். அளவு; அது குறையக் குறையப் புளிப்பு அதிகம். சுண்ணாம்பு போட்டு அதை 6.5 பக்கம் ஏற்றினால், காட்மியம் மண் துகளோடு ஒட்டிக்கொள்ளும். ஆனால் அவர்கள் சுண்ணாம்போடு நிற்கவில்லை. காட்மியத்தைக் குறைவாக எடுக்கும் ரகம், வயலில் நிற்கும் தண்ணீர், சுண்ணாம்பு, மூன்றையும் சேர்த்தே செய்தார்கள்.

இப்போது உங்கள் வயலுக்கு வருவோம். காவிரி டெல்டாவில் பல வயல்களில் பி.எச். ஏற்கெனவே 7-ஐத் தாண்டியிருக்கும். அங்கே சுண்ணாம்பு காட்மியத்துக்குப் புதிதாகப் பூட்டு எதையும் போடாது. பயிருக்குத் தேவையான துத்தநாகத்தைத்தான் (ஜிங்க்) பூட்டும். இலையில் துரு நிறத்தில் புள்ளி விழுந்து பயிர் குட்டையாக நிற்கும். அப்புறம் ஹெக்டேருக்கு 25 கிலோ ஜிங்க் சல்பேட் வாங்கிப் போட வேண்டியதுதான்.

உண்மையில் நீங்கள் என்னிடம் கேட்டிருக்க வேண்டியது தண்ணீரைப் பற்றி. இந்த இரண்டு கண்ணாடிப் பாட்டில்களைப் பாருங்கள். இரண்டிலும் ஒரே வயல் மண். இதில் ஈரம் மட்டும்; மண் செம்பழுப்பாக இருக்கிறது. இதில் மூன்று வாரமாகத் தண்ணீர் நிற்கிறது, மண் கருநீலமாகிவிட்டது. மூடியைத் திறக்கிறேன். அழுகிய முட்டை நாற்றம்! காற்று நுழையாத சேற்றில் கந்தகம் சல்ஃபைடாக மாறியிருக்கிறது என்று அர்த்தம். அந்த சல்ஃபைடு காட்மியத்தைப் பிடித்தால் தண்ணீரில் கரையாத பொருளாகிவிடும். சுண்ணாம்பைவிடப் பெரிய பூட்டு இது. ஆனால் நெல் பால் பிடிக்கும் நேரத்தில் வயலை வடித்துக் காயவிட்டால் காற்று உள்ளே போய்ப் பூட்டு திறந்துவிடும். மணி நிரம்புகிற அதே நாட்களில் காட்மியமும் மேலே ஏறும்.

ஜப்பான்காரர்கள் இதை வலியோடு கற்றுக்கொண்டார்கள். டோயாமா பகுதியில் ஜின்சு ஆற்றின் மேலே கமியோகா சுரங்கம். அதன் கழிவு ஆற்று வழியாக நெல் வயலுக்கு வந்தது. அந்த அரிசியைத் தின்றவர்களுக்கு, அதிலும் பிள்ளை பெற்ற பெண்களுக்கு, இருமினாலே எலும்பு முறிந்தது. "இதாய், இதாய்" என்று அலறினார்கள். "வலிக்குது, வலிக்குது" என்று அர்த்தம். நோய்க்கே அதுதான் பெயர். 1968-ல் அரசு அதைத் தொழிற்சாலை மாசால் வந்த நோய் என்று ஏற்றுக்கொண்டது. கெட்ட மண்ணைப் புதைத்து மேலே நல்ல மண் பரப்பி 863 ஹெக்டேரை மீட்கும் வேலை 2012-ல்தான் முடிந்தது. அவ்வளவு மண்ணை மாற்ற முடியாத இடங்களில், கதிர் வருவதற்கு முன் மூன்று வாரமும் பின் மூன்று வாரமும் தண்ணீர் நிற்க வையுங்கள் என்கிறார்கள்.

சரி, அப்படியானால் எப்போதும் தண்ணீர் கட்டலாமா? கூடாது. மண்ணில் ஆர்சனிக் என்ற இன்னொரு நஞ்சு இருந்தால் கதை தலைகீழ். அதைப் பிடித்து வைத்திருப்பது மண்ணின் இரும்புத் துரு. தண்ணீர் நின்றால் துரு கரையும், ஆர்சனிக் வெளியே வரும். அதற்குக் காய்ச்சலும் பாய்ச்சலும், அதாவது வயலைக் காயவிட்டு மறுபடி பாய்ச்சுவதுதான் நல்லது. ஒன்றுக்கு மருந்து மற்றதற்கு நஞ்சு. எந்த உலோகம் என்று தெரியாமல் மருந்து சொல்ல எனக்குப் பயமாக இருப்பது இதனால்தான்.

உங்கள் உமிச்சாம்பல் முக்கியமாக உதவுவதும் இந்த ஆர்சனிக் பக்கத்தில்தான். சாம்பலில் நிறைய இருப்பது சிலிக்கா, மணலில் இருக்கிற அதே பொருள். நெல் சிலிக்காவை விரும்பி எடுக்கிற பயிர். சிலிக்கா வேரில் நுழையும் வாசலை ஜப்பானில் மா ஜியன் ஃபெங் குழுவினர் 2006-ல் கண்டுபிடித்தார்கள். நீர் நின்ற வயலில் இருக்கும் ஆர்சனிக்கும் அதே வாசலில் நுழைகிறது என்பது 2008-ல் தெரிந்தது. சிலிக்கா நிறைய இருந்தால் வாசலில் நெரிசல், ஆர்சனிக்குக் கொஞ்சம்தான் இடம். ஆனால் கொதிகலனில் அதிக வெப்பத்தில் வெந்து வெளுத்த சாம்பலில் சிலிக்கா இறுகிக் கரையாமல் கிடக்கும். கறுப்பாக இருக்கிற உமிக்கரி நல்லது.

அம்மா, உங்கள் மண்வள அட்டையை எடுத்துப் பாருங்கள். அதில் 12 விவரங்கள் இருக்கும், காட்மியமும் ஆர்சனிக்கும் இருக்காது. அவற்றைத் தனியாகத்தான் ஆய்வகத்தில் பார்க்க வேண்டும். பி.எச். எவ்வளவு, தண்ணீர் ஆற்றிலிருந்தா போரிலிருந்தா, மேலே ஏதாவது ஆலைக் கழிவு கலக்கிறதா, இந்த மூன்றையும் எழுதி அனுப்புங்கள். அதுவரை சுண்ணாம்பு மூட்டையைப் பிரிக்க வேண்டாம்.